சம்பந்தி கட்டிய கார்

ஓய்வு பெற்றதும் ஒருமுறை வெளிநாடு போய்வர வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். போனவன் நான் ஒருவன்தான். போன இடம் புதுச்சேரி. சிரிக்க வேண்டாம். அங்கே மூவர்ணக் கொடி பறக்கிறது, தபால் தலை நம்முடையது, எல்லாம் சரி. ஆனால் ஊரை நம்மிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சுப் பாராளுமன்றம் இன்னும் ஒப்புதல் தரவில்லை. காகிதத்தில் அது இன்றைக்கும் பிரான்ஸ். முப்பது வருஷம் காகிதத்தை நம்பிப் பிழைத்தவன் நான். காகிதம் வெளிநாடு என்றால் எனக்கு வெளிநாடுதான்.

நான் பார்த்த உத்தியோகம் மோட்டார் இன்ஸ்பெக்டர். வேலூர்ப் பக்கத்தில் ஓடும் லாரி, பஸ், டாக்சி எதுவானாலும் என் முன்னால் வந்து நின்று ஹாரன் அடித்து, பிரேக் பிடித்து, விளக்கு எரித்துக் காட்டிய பிறகுதான் சாலைக்குப் போகும். காட்டாதவற்றைத் திருப்பி அனுப்புவேன். அதனால் டிரைவர்கள் மத்தியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுத முடியாது.

பயணத்துக்குக் காரணம் என் மகள் வசந்தாவின் கடிதம். அவளைப் புதுச்சேரியில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அவள் மாமனார் ஏகாம்பரம் அங்கே ஒரு பஞ்சாலையில் தறிகளைப் பழுது பார்க்கும் மேஸ்திரி. "அப்பா, மாமா தானே கட்டிய காரை வருகிற வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவையாகப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறார். இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவையும் வந்தால் வண்டியைப் பிரித்து எடைக்குப் போட்டுவிடுவதாக அத்தையிடம் சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. நீங்கள் வந்து பாருங்கள். குறை சொல்வதற்காக அல்ல." கடைசி வாக்கியத்தின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை புறப்பட்டேன். நான் ஏறிய பஸ் வழியில் மூன்று முறை தண்ணீர் குடித்தது. கடைசி முறை தண்ணீர் பிடிக்கப் போன கண்டக்டர் யாரோடோ பேச உட்கார்ந்துவிட்டார். அவரைத் தேடிக்கொண்டு டிரைவர் போனார். டிரைவரைத் தேடிக்கொண்டு ஒரு பயணி போனார். பஸ்ஸில் மிச்சம் இருந்தவர்கள் அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மடியில் வேர்க்கடலை மூட்டையோடு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மல்லாட்டை வியாபாரி, "ஐயா சும்மா சும்மா கடிகாரத்த பாக்குறீங்களே, கவர்மெண்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

எல்லையில் பழைய சுங்கச் சாவடி காலியாக நின்றது. உள்ளே இரண்டு ஆடுகளைக் கட்டியிருந்தார்கள். ஊருக்குள் நுழைந்ததும் சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் கையை உயர்த்தி எங்கள் பஸ்ஸை நிறுத்தி, ஒரு கிழவரைச் சாவகாசமாகத் தெருவைக் கடக்க விட்டார். வேலூரில் கிழவர் ஓடியிருப்பார். தெருக்கள் நேர்கோடாக இருந்தன. வரைபடம் போட்டுவிட்டுப் பிறகு ஊரைக் கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்தது.

சம்பந்தியின் வீடு முதலியார்பேட்டையில். வாசலிலேயே கும்பிட்டார். "வாங்க சம்பந்தி. வண்டி கொல்லையில இருக்கு. மொதல்ல சாப்புடுங்க" என்றார். ஒல்லியான மனிதர். பேசும்போது கையில் ஏதாவது ஒரு ஸ்பேனர் இருந்தால்தான் வார்த்தை வரும். மீன் குழம்பில் வடகம் தாளித்திருந்தார்கள். சோற்றோடு, கைநீளத்துக்கு ஒரு ரொட்டியும் வைத்தார் சம்பந்தியம்மா. வெளியே முறுக்கு போல நொறுங்குகிறது, உள்ளே பஞ்சு. எங்கள் ஊரில் ரொட்டி என்பது காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது. இங்கே திடமாக இருப்பவர்கள் அதைக் குழம்பில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். நானும் முக்கினேன். இரண்டாவது ரொட்டியை நானே கேட்டு வாங்கினேன்.

பிறகு கொல்லைக்குப் போனோம். அவர் கீற்றுக் கொட்டகையில் போர்த்தியிருந்த துணியை இழுத்தார்.

குறை சொல்ல மாட்டேன் என்று மகளுக்கு மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டு வந்திருந்தேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார். கூரை கிடையாது. மூக்கு நீளம், இடுப்பு ஒடுக்கம், மயில் கழுத்து நிறம். பிரான்சுக்குத் திரும்பிப்போன ஒரு அதிகாரி புளியமரத்தில் மோதி விட்டுப்போன காரிலிருந்து எஞ்சினும் சக்கரங்களும் எடுத்திருக்கிறார். அடிச்சட்டம் முழுக்க அவரே இரும்புப் பட்டைகளை வெட்டிச் சேர்த்தது. உடம்பு அலுமினியத் தகடு. பெரிய தெருவில் அண்டா செய்யும் பாத்திரக்காரர் ஒருவர், இவர் செய்து கொடுத்த மர அச்சின்மேல் போட்டுத் தட்டியிருக்கிறார். ரேடியேட்டர் ஒரு பழைய பஸ்ஸினுடையது. நான்கு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்.

"பெயிண்டு ஏழு கோட்டிங் சம்பந்தி" என்றார். "ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா அடிச்சு, தேச்சு, அப்புறம் மேல மாட்டினேன். போல்ட்டு துவாரத்துக்குள்ளகூட பெயிண்டு இருக்கும்."

விரலால் தடவிப் பார்த்தேன். முப்பது வருஷத்தில் கம்பெனிக் கார்களிலேயே இப்படி ஒரு வேலையை நான் கண்டது மிகக் குறைவு. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். "ம்" என்றேன். பழக்கம்.

முதல் தடவை பரிசோதனையில் தண்ணீர் கொதித்து நின்றுவிட்டதாம். இரண்டாம் தடவை விளக்கு மங்கி, ஹாரன் முனகி, அதிகாரி கையை விரித்துவிட்டார். வெப்பம் காட்டும் மானியோ நினைத்த நேரத்தில் மேலே போகிறது, நினைத்த நேரத்தில் கீழே வருகிறது. மின்சாரத்தில் ஓடும் ஜாதி மானி அது. ஸ்டார்ட்டரை அமுக்கினால் எஞ்சின் ஒருமுறை பெருமூச்சு விட்டுவிட்டு அடங்கிவிடுகிறது. அதனால் முன்னால் கம்பியை மாட்டிக் கையால்தான் சுற்றுகிறார்.

செவ்வாய்க்கிழமை காலை என் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். நான் வண்டிகளைச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. வரிசையை மாற்ற மாட்டேன். ஃபேன் பெல்ட்டின் இறுக்கம், தண்ணீர் பம்ப், ரப்பர்க் குழாய், மூடி, ஃபேன் இலைகள் திரும்பியிருக்கும் திசை, தீப்பொறி விழும் நேரம். ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் சரி என்று குறி போட்டேன். மத்தியானத்துக்குள் ஒரு பக்கம் முழுக்கக் குறிகள். என் முறைப்படி அந்தக் காருக்கு ஒரு கோளாறும் இல்லை.

"அப்போ ஓட்டிப் பாத்துடலாம்" என்றார் சம்பந்தி.

நோணாங்குப்பம் பக்கமாகப் போனோம். ஸ்டீரிங் இடது பக்கம். எனக்கு வலது பக்க இருக்கை. என் வாழ்நாளில் தரைக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து நான் போனதில்லை. எதிரே வந்த மாட்டு வண்டியின் அச்சு என் காதுக்கு நேராக இருந்தது. ஆனால் என்ன ஓட்டம்! வளைவில் திரும்பும்போது வண்டி சாயவே இல்லை. சாலையோரம் நடந்த பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். நான் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டேன்.

ஆற்றங்கரைக்கு வந்தபோது மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. நிறுத்தினோம். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள், எங்களைப் பார்த்துத் தங்களுக்குள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

"என்ன சொல்கிறார்கள்?" என்றேன்.

சம்பந்திக்கு மில் பிரெஞ்சு தெரியும். தலை குனிந்தபடி மொழிபெயர்த்தார். "ஒருத்தரு, 'இது காரா படகா'ன்றாரு. இன்னொருத்தரு, 'பொகை வருதே, கப்பலாத்தான் இருக்கும்'ன்றாரு."

வண்டி ஆறும்வரை ஒரு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஒரு அம்மாள் கூடையில் வறுத்த மீன் கொண்டுவந்தாள். இலையில் வைத்துத் தின்றோம். சம்பந்தி ஒரு துண்டு மட்டும் எடுத்தார். "சம்பந்தி, உண்மைய சொல்லுங்க. நீங்க உத்தியோகத்துல இருந்திருந்தா இத இன்னா பண்ணியிருப்பீங்க?"

"திருப்பி அனுப்பியிருப்பேன்."

"ஏன்னு எழுதுவீங்களா?"

"தண்ணீர் கொதிக்கிறது என்று எழுதுவேன். ஏன் கொதிக்கிறது என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது."

அவர் இலையைச் சுருட்டி ஆற்றில் போட்டார். நான் என் மீதி மீனை இலையோடு மடித்து வைத்தேன். எத்தனை ஆயிரம் பேருக்குக் கொதிக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்! ஒரு வண்டியையாவது நான் கொதிக்காமல் செய்ததில்லை.

புதன்கிழமை காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அவரைக் கம்பியைச் சுற்றச் சொன்னேன். ஓடத் தொடங்கியது. மானியின் முள் அடியில் கிடந்தது. என் வரிசையில் அடுத்தது விளக்கு. சுவிட்சைப் போட்டேன். முள் துள்ளிப் பாதிக்கு மேலே போய் நின்றது. அணைத்தேன், விழுந்தது. மறுபடி போட்டேன், ஏறியது. விளக்குப் போட்டால் தண்ணீர் சூடாகும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

"வசந்தா! இங்கே வந்து பார்!" என்று கத்தினேன். பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்கும் போட்டுப் போட்டுக் காட்டினேன். பிறகு எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் சோக் குமிழை இழுக்கப் போனவன் கையை உதறினேன். குமிழ் சுட்டது. அதன் கம்பியைத் தொட்டால் அதுவும் சூடு.

குனிந்து எஞ்சின் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தேன். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே தடித்த பழுப்பு நிற வில்லைகள்.

"இது என்ன சம்பந்தி?"

"எருமத் தோலு. தறியில குறுக்கு நூலக் கொண்டுபோற நாடாவ அடிக்கிற எடத்துல போடுவோம், அந்தத் தோலு. நாலு கால்லயும் ரெண்டு ரெண்டு வச்சிருக்கேன். கரண்டு தப்பித் தவறிக்கூட சட்டத்துல எறங்காது."

"ஏன் இறங்கக் கூடாது?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எறங்குனா ஆளு செத்துப்பூடுவான் சம்பந்தி."

பிறகு மெதுவாகச் சொன்னார். மில்லில் சேர்ந்த புதிதில் ஒரு தறியின் சட்டத்தில் மின்சாரம் இறங்கிவிட்டதாம். அவரோடு வேலை பார்த்தவனின் கை அதில் ஒட்டிக்கொண்டது. இவர்தான் பலகையால் அடித்து இழுத்திருக்கிறார். ஆள் பிழைத்தான், இரண்டு விரல்கள் மடங்கியது மடங்கியதுதான். அதற்குப் பிறகு இவர் கைபட்ட எந்த இயந்திரத்திலும் சட்டத்துக்கு மின்சாரம் வந்தது கிடையாது. "இதுல எம் மருமவ உக்காருவா, பேரப்புள்ள உக்காருவான். அதான் தோலு. அதான் போல்ட்டு துவாரத்துல வரைக்கும் பெயிண்டு."

விஷயம் இவ்வளவுதான். மோட்டார் காரில் பாட்டரியிலிருந்து விளக்குக்கும் டைனமோவுக்கும் ஒரு கம்பிதான் போகும். திரும்பி வரும் வழி வண்டியின் இரும்பு. எர்த் என்பார்கள். சம்பந்தி அந்த வழியை நான்கு வருஷம் பாடுபட்டு ஒன்றுவிடாமல் அடைத்திருக்கிறார். மின்சாரம் பாவம், வேறு வழியில்லாமல் எஞ்சினையும் சட்டத்தையும் தொட்டுக்கொண்டிருந்த ஒரே உலோகமான மெல்லிய சோக் கம்பி வழியாக நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தது. அதனால்தான் விளக்கு மங்கல், ஸ்டார்ட்டருக்குப் பெருமூச்சு, மானிக்குப் பைத்தியம். அலட்சியத்தால் கெட்ட வண்டிகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். இவ்வளவு அக்கறையால் கெட்ட வண்டி இது ஒன்றுதான்.

எடுத்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை. மில்லில் இருப்பது யானை, இது ஆறு வோல்ட், பூனை என்றேன். அதற்கும் நம்பவில்லை. கடைசியில் இரண்டு கைகளையும் வாளித் தண்ணீரில் நனைத்து, பாட்டரியின் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் பிடித்தேன்.

"ஐயோ அண்ணே!" என்று கத்திக்கொண்டு சம்பந்தியம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். நடைமுறைப்படி செய்யத்தக்கது அல்ல. ஆனால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். சம்பந்தி என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தானும் கையை நனைத்துப் பிடித்தார். "ஒண்ணுமே இல்லியே" என்றார், ஏமாந்தவர்போல.

எஞ்சினிலிருந்து சட்டத்துக்கு ஒரு தடித்த செம்புப் பின்னல் பட்டையும், சட்டத்திலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் கம்பியும் போட வேண்டும். போடுமிடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்ட வேண்டும். அதை நான் செய்கிறேன் என்றேன். "வாணாம், நானே" என்று அரத்தை வாங்கிக்கொண்டார். முதல் இடத்தைச் சுரண்டும்போது கண்ணை மூடிக்கொண்டார். ஏழு கோட்டிங் அல்லவா.

முடிந்ததும் ஸ்டார்ட்டரை அமுக்கினார். ஒரே உதை, எஞ்சின் பிடித்துக்கொண்டது. விளக்கைப் போட்டேன். பட்டப்பகலில் கொட்டகையின் பின்சுவர் வெளுத்தது. சம்பந்தி வண்டிக்கு முன்னால் போய் இரண்டு விளக்குகளையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கூசியது, ஆனாலும் பார்த்தார். ஹாரனை வசந்தா அடித்தாள். பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரையேறின. அன்று மத்தியானம் சம்பந்தி முழுச் சாப்பாடு சாப்பிட்டார்.

ஆனால் மாலையில் ஓட்டிப் பார்த்தபோது, இதுவரை பொய் சொல்லிக்கொண்டிருந்த முள் இப்போது நிஜமாகவே மேலே ஏறியது. வீடு திரும்புவதற்குள் கொதித்துவிட்டது. இடையில் இருப்பது ஒரே நாள்.

வியாழக்கிழமை காலை ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தோம். தண்ணீர் ஓடவில்லை. எச்சில்போல இழுபட்டு வழிந்தது. முகர்ந்து பார்த்தேன், புரியவில்லை. என் நோட்டுப் புத்தகத்திலும் அந்த வாசனை இல்லை. துணி உலர்த்த வந்த சம்பந்தியம்மா சட்டென்று நின்றார்.

"இன்னா இது, பாவுக் கஞ்சி நாத்தம் அடிக்குது?"

சம்பந்தி வானத்தைப் பார்த்தார்.

"உங்களத்தான். இதுக்குள்ள கஞ்சி ஊத்துனீங்களா?"

"கொஞ்சூண்டுதான். ஆறு மாசம் ஆச்சு" என்றார் அவர், என்னைப் பார்த்து. "அங்கங்க கசிஞ்சுது சம்பந்தி. நூலுக்கு வெறப்பா இருக்க மில்லுல கஞ்சி போடுவமில்ல, அதுல ரெண்டு டப்பா. கசிவு டக்குனு நின்னுடுச்சு."

"கசிவு நின்றது. கூடவே தண்ணீரும் நின்றுவிட்டது" என்றேன். ஊசிக் கண் போன்ற நூறு குழாய்களுக்குள் கஞ்சி வெந்து வெந்து கெட்டியாகிப் படிந்திருந்தது. என் அறிவுக்கு எட்டியது ஒரே வழி: ரேடியேட்டரைக் கழற்றி, மேல்தொட்டியின் ஈயப் பற்றை உருக்கிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்துவது. மூன்று நாள் வேலை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அதற்கு அவசியம் இருக்காது.

சம்பந்தி ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவர் கை காலியாக இருந்ததை அப்போதுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"இதுக்கா ரெண்டு பேரும் எழவு வூட்ல குந்துனா மாதிரி குந்தியிருக்கீங்க?" என்றார் சம்பந்தியம்மா. "கலியாணத்துக்கு முன்ன அஞ்சு வருசம் நான் மில்லுல சலவைப் பக்கம் வேல செஞ்சவ. தறியிலேருந்து வர்ற துணியில கஞ்சி பலகையாட்டம் ஒட்டியிருக்கும். அத குத்தியா எடுத்தோம்? மொளகட்டுன தானியத்து மாவ வெதுவெதுப்பா கரைச்சு ஊற வப்போம். அது கஞ்சியத் தின்னுடும். தண்ணியா வுட்டுடும்." வசந்தாவின் பக்கம் திரும்பினார். "கொழந்தைக்கு மொளகட்டுன கேவுரு மாவு அரைச்சோமே, எவ்ளோ இருக்கு?"

"ரெண்டு படி இருக்கும் அத்தை. வறுக்கலாமான்னு இருந்தேன்."

"நல்ல வேளை வறுக்கல. வறுத்தா மாவு செத்துடும், வேல செய்யாது."

ஆக என் பேரனின் ஒரு மாதக் கேழ்வரகுக் கஞ்சி மாவு துணியில் வடிகட்டப்பட்டு ரேடியேட்டருக்குள் போயிற்று. அதற்குப் பிறகு அந்தக் கொல்லையில் உத்தரவு போட்டது சம்பந்தியம்மாதான். ஒரு முக்காலியைக் காரின் மூக்கின் முன்னால் போட்டு உட்கார்ந்து, ரேடியேட்டரின் வாயில் விரலை விட்டு எண்ணினார். விரல் மூன்று எண்ணும்வரை தாங்க வேண்டும். அதற்கு முன்பே சுட்டால், "நிறுத்துங்க!" பத்து எண்ணியும் சுடவில்லை என்றால், "கொஞ்சம் ஓட்டுங்க!" சம்பந்தி எஞ்சினைப் போட்டுப் போட்டு நிறுத்தினார். நான் மணியைக் குறித்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதான் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை.

மத்தியானம் சம்பந்தியம்மாவுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தபோது கேட்டேன். "இந்தக் கார் போனால் உங்களுக்குக் கொல்லை கிடைக்குமே, அம்மா?"

"கெடைக்கும் அண்ணே. நாலு வருசமா வடாம் காய வக்க எடமில்ல" என்றார், விரலை எடுக்காமலே. "ஆனா தோத்துட்டுப் போவக்கூடாது. அந்த மனுசன் எதுலயும் தோத்து நான் பாத்ததில்ல. ஜெயிக்கட்டும், அப்புறம் வித்தா விக்கட்டும்."

நான்கு மணிக்குத் திருகைத் திறந்தார்கள். இழுபடவில்லை, சொட்டவில்லை. பழுப்பு நிறத்தில், ஆற்றுத் தண்ணீர்போலக் கொட்டியது. கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து மேலே ஊற்றினோம். கீழே வரும் தண்ணீர் தெளிந்து, குடித்துப் பார்க்கலாம் என்று தோன்றும்வரை ஊற்றினோம். இரண்டு இடத்தில் பழைய கசிவு திரும்ப வந்தது. சம்பந்தி அவற்றை ஈயம் வைத்து, இந்த முறை ஒழுங்காகப் பற்றவைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி நின்றது. பரிசோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் இளைஞர். இரண்டு முறை திருப்பி அனுப்பியவரும் அவர்தான். வண்டியைச் சுற்றி வந்தார். நானும் என்னை அறியாமல் அவருக்கு எதிர்த்திசையில் சுற்றி வந்திருக்கிறேன். மூக்கருகே இருவரும் முட்டிக்கொண்டோம்.

"ஐயா டிபார்ட்மென்டா?" என்றார்.

"எப்படித் தெரிந்தது?"

"வண்டியப் பாக்குறவங்க எல்லாம் பெயின்டப் பாப்பாங்க. நீங்க அடியில எண்ணெய் சொட்டுதான்னு பாக்குறீங்க."

விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். பிறகு, "லாஸ்பேட்டை மேட்டுக்குப் போய்த் திரும்பணும். நடுவுல நிறுத்தக்கூடாது" என்று சொல்லி வலது பக்க இருக்கையில் உட்கார்ந்தார். ஊரில் மேடு என்று சொல்லத்தக்க இடம் அது ஒன்றுதான். வண்டியில் இரண்டே இருக்கை. நான், வசந்தா, சம்பந்தியம்மா மூவரும் கடலைப் பார்த்தபடி நின்றுவிட்டோம்.

முப்பது வருஷம் பரிசோதனை ஓட்டத்தில் நான் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பேன். வெளியே காத்துக்கொண்டு நிற்பவர்களை நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. அவர்களுக்கு என்ன செய்யும் என்று அன்று தெரிந்துகொண்டேன். நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆனது. அரை மணி நேரம் ஆனது. போய்வர அவ்வளவு நேரம் ஆகாது. சம்பந்தியம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "எங்கியாவது நின்னுடுச்சா அண்ணே?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். இல்லை என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு ஹாரன் கேட்டது. நீல மூக்கு வளைவில் திரும்பியது. ஆவி இல்லை. புகை இல்லை. பக்கத்தில் வந்த பிறகுதான் கவனித்தேன்: ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தவர் இன்ஸ்பெக்டர். தொப்பியைச் சம்பந்தியிடம் கொடுத்திருந்தார். தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. சம்பந்தி இரண்டு கையாலும் அந்தத் தொப்பியைப் பிடித்தபடி வந்தார்.

"மேட்டுல ரெண்டு தடவை ஏறிப் பாத்தோம்" என்றார் இன்ஸ்பெக்டர், இறங்க மனமில்லாமல் இறங்கி. "முறைப்படி ஒரு தடவை போதும்."

மானியை எட்டிப் பார்த்தேன். முள் நடுவில், அசையாமல்.

படிவத்தை வண்டியின் மூக்கின்மேல் வைத்து எழுதத் தொடங்கினார். "தயாரித்தவர் பெயர்?" நான் அந்தக் கட்டத்தில் எழுதியதெல்லாம் கடல் தாண்டிய கம்பெனிகளின் பெயர்கள்தான். சம்பந்தி திணறினார். "எஞ்சினு பிரெஞ்சுக்காரன் செஞ்சது. தகடு பாத்திரக்காரரு தட்டுனது. எர்த்து சம்பந்தி போட்டாரு. கஞ்சி எடுத்தது..."

"ஒரு பேர்தான் போட முடியும்."

"ஏகாம்பரம்னு எழுதுங்க தம்பி" என்றார் சம்பந்தியம்மா.

எழுதினார். "எஞ்சின் நம்பர் இருக்கு. சட்டத்துல நம்பர் எதுவும் இல்லியே?"

"ஒண்ணுன்னு போடுங்க சார்" என்றார் சம்பந்தி.

"இருக்கிறதே ஒண்ணுதான். எதுக்கு நம்பர்? கோடு போட்டுடறேன்."

"வாணாம் சார். ஒண்ணுன்னே போடுங்க. அப்புறம் ரெண்டாவதுக்குக் கொழப்பம் வரும்."

நான் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். வசந்தாவும் பார்த்தாள். இன்ஸ்பெக்டர்கூடப் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சம்பந்தியம்மா தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வலது பக்கமாக வந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தார்.

"மொதல்ல ஒண்ணாவதுல ஒரு சுத்து கூட்டிக்கினு போங்க. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

வண்டி கடற்கரைச் சாலையில் போயே போய்விட்டது. நானும் வசந்தாவும் நடந்தே முதலியார்பேட்டைக்குத் திரும்பினோம். வழியில் இரண்டு பேர் அந்த நீலக் கார் யாருடையது என்று கேட்டார்கள். "எங்கள் சம்பந்தி செய்தது" என்றேன். கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னேன்.